சங்கத்துக்குக் கொஞ்ச இடம்

பூவரசடியில் பிறந்த ஒருவர் கலியாணம் கட்டாமல் இருந்துவிடலாம், கோயில் வாசல் மிதிக்காமல் இருந்துவிடலாம், வாக்குப் போடாமலும் காலத்தை ஓட்டிவிடலாம். மரண சகாய சங்கத்தில் சேராமல் மட்டும் அங்கே குடியிருக்க ஏலாது. சண்டிலிப்பாய்க்கும் பண்டத்தரிப்புக்கும் நடுவில் இருக்கிற அந்தக் குறிச்சியில் பந்தல் போடுவதும், கதிரை அடுக்குவதும், பாடைக்குத் தோள் கொடுப்பதும் சங்கம்தான். சங்கத்தோடு கொழுவிக்கொண்ட ஒருவர் செத்தபோது ஒரு தோளும் வரவில்லை. மகன்மார் பிரேதத்தை லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு தாங்களாகவே சுடலைக்குப் போனார்கள். அந்தக் கதையை ஊர் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு ஒருவரும் கொழுவவில்லை.

முந்தி சங்கத்திடம் இருந்தவை பந்தல் தகரமும் பிளாஸ்ரிக் கதிரையும் தேத்தண்ணி அண்டாவும்தான். ஊரில் பாதி வெளிநாட்டுக்குப் போனபிறகு, செத்தவீட்டை நேரலையில் காட்டாவிட்டால் செத்தவருக்கே மரியாதை இல்லை என்றாகிவிட்டது. சங்கம் கமரா வாங்கியது. ஒன்று பிரேதத்தின் முகத்துக்கு. ஒன்று வந்திருப்பவர்களுக்கு. யார் வந்தார், யார் வராமல் விட்டார் என்பதை லண்டன் பார்த்துக்கொள்ளும். ஒன்று பேச்சாளர்களுக்கு. நாலாவது மலர்வளையங்களுக்கு மட்டும். சுவிஸில் இருந்து ஒருவர் சொல்லி வைப்பித்த வளையம் வாழைமரத்துக்குப் பின்னால் மறைந்துபோக, அவர் கோபித்துக்கொண்டு சங்கத்தின் அந்த நாட்டுக் கிளையை விட்டே விலகப் பார்த்ததால் வாங்கிய கமரா அது. பிறகு, குடும்பத்தாரின் அழுகை தெளிவாகக் கேட்கவில்லை என்று கனடாக் கிளை குறைப்பட்டது. அன்றுதொடக்கம் செத்தவீட்டுக்காரர் ஒருவரின் சால்வையில் சின்ன மைக் ஒன்று குத்திவிடப்படும்.

உதயகலாவின் செத்தவீட்டில் அந்த மைக் அவளுடைய புருசன் கேதீஸ்வரனின் சால்வையில் இருந்தது.

கேதீஸ்வரன் பீற்றூட்டும் சின்ன வெங்காயமும் பயிர்செய்கிற மனிசன். யார் எதைக் கேட்டாலும் ஓம் என்பார். ஏலாது என்ற சொல் அவர் வாயால் வந்ததைக் கட்டின மனிசிகூடக் கேட்டதில்லை. ஒரே மகள் நிவேதனா ரொறன்ரோவில். அகதி வழக்கு இன்னும் முடியாததால் அவளால் நாட்டுக்கு வர வழியில்லை. அவள்தான் முன்னொருக்கால் வீடியோக்களைச் சேமித்து வைக்கிற பெட்டி ஒன்றை வாங்கி அனுப்பினாள். உள்ளே இரண்டு டிஸ்க். வீட்டு வைபையோடு சேர்ந்து கிடக்கும். போனில் எடுக்கிற வீடியோ தானாகவே அதற்குள் போய்ச் சேர்ந்துவிடும், போன் காலியாகிவிடும், மகள் அங்கே இருந்தபடி திறந்து பார்ப்பாள். உதயகலா அந்தப் பெட்டியை நம்பி ஆடு குட்டி போட்டதையும் பூசணி காய்த்ததையும் எடுத்து எடுத்து நிரப்பினாள். அவை கிடந்த போல்டருக்கு மகள் "வீடு" என்று பெயர் வைத்திருந்தாள்.

பெட்டியின் புகழ் சங்கத்தின் காதுக்கு எட்ட நாளெடுக்கவில்லை. ஒருநாள் தலைவர் சிவசுப்பிரமணியம் வீடு தேடி வந்தார். இளைப்பாறிய கல்வி அதிகாரி. தண்ணி கேட்பதென்றாலும் முன்னுரையோடு கேட்கிறவர்.

"தம்பி கேதீஸ், சங்கத்தின்ரை வீடியோக்களுக்குக் கொஞ்ச இடம் தேவைப்படுகுது. உங்கடை பெட்டியிலை ஒரு மூலை தந்தால் போதும். செத்தவை என்ன, எவ்வளவு இடம் பிடிக்கப்போகினம்?"

கேதீஸ்வரனுக்கு லாண்ட்மாஸ்ரர் கதை ஞாபகம் வந்தது. ஓம் என்றார்.

அந்தநேரம் உதயகலா குசினியில் போனைச் சீனிப்போத்தலில் சாத்திவைத்துவிட்டு, மகளுக்குச் சம்பல் செய்து காட்டுவதற்காக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். புருசன் வந்து விசயத்தைச் சொன்னார். அவள் சம்பலை மறந்தாள், போன் ஓடிக்கொண்டிருப்பதையும் மறந்தாள், வாயைத் திறந்து பேசத் தொடங்கினாள். புருசனுக்கு விழுந்த அந்த ஏச்சுப்பேச்சு முழுக்க வீடியோவாகிப் பெட்டிக்குள் போனது. மகள் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பாள். அடுத்த வருசம் உதயகலாவுக்குத் தொண்டையில் வருத்தம் என்றார்கள், கத்தி வைத்தார்கள், குரல் போயிற்று. அதற்குப் பிறகு அவள் கையால் காட்டியும் கண்ணால் முறைத்தும்தான் புருசனைப் பேசினாள். செத்தவீட்டுக்கு முதல்நாள் காலையோடு அதுவும் நின்றுபோனது.

செத்தவீட்டன்று வெயில் ஏறத் தொடங்க நிவேதனா போன் எடுத்தாள்.

"அப்பா, அந்த வெங்காய வீடியோவைப் பெட்டியிலை இருந்து இறக்கி எனக்கு அனுப்புங்கோ. இஞ்சை இருந்து திறந்தால் நிண்டு நிண்டு போகுது. அம்மா 'இஞ்சாருங்கோ' எண்டுறா, அதோடை சுத்திக்கொண்டு நிக்குது."

"அனுப்புறன் பிள்ளை."

"அம்மாவை எடுக்க முதல் எனக்கு அந்தக் குரல் வேணும். வேறை ஒண்டும் நான் கேக்கேல்லை. நாலு கமராவிலையும் அம்மாவைப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். வாயை மூடிக்கொண்டு கிடக்கிறா. எங்கடை அம்மா அப்பிடிக் கிடக்கிற ஆளோ?"

கேதீஸ்வரன் அறைக்குள் போய், மகள் பழக்கிவிட்டபடி வீடியோவைப் போனுக்கு இறக்கப் பார்த்தார். அது ஊர்ந்தது. நாளை மறுநாள் முடியும் என்று போன் சொன்னது. நாளை மறுநாள் உதயகலா சாம்பலாக இருப்பாள். அவர் பந்தலுக்கு ஓடிவந்தார்.

பந்தலின் ஓரத்தில் சங்கத்தின் தகவல் தொழில்நுட்ப உபகுழு இருந்தது. உபகுழு என்றால் கஜீபன். யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டர்க் கடை வைத்திருக்கிறவன். பந்தலில் இருந்த ஒரேயொரு காற்றாடி அவனுடைய லப்டொப்புக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. பிரேதத்தின் தலைமாட்டில் பெண்கள் பனை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

"பெட்டி இழுக்குது, அண்ணை," என்றான் கஜீபன், திரையைப் பார்த்துவிட்டு. "ஆனால் இது தொழில்நுட்பக் கோளாறு. வாய்ப்பேச்சை நம்பி நான் கைவைக்க ஏலாது. தலைவர் சொல்லவேணும்."

தலைவர் அப்போது மைக்கில் இருந்தார். உதயகலாவின் அருங்குணங்களைச் சொல்லிக்கொண்டிருந்தவர், காதில் விசயம் போடப்பட்டதும் பேச்சை நிறுத்தி, அதே இடத்தில் அவசரக் கூட்டத்தைக் கூட்டினார். கூட்டம் என்றால் அக வணக்கத்தில்தான் தொடங்கவேண்டும். இதுவரை மறைந்த அங்கத்தவர்கள் எல்லோருக்கும் எழுந்து நின்று அக வணக்கம் செலுத்தினார்கள். உதயகலாவுக்கு முன்னால், உதயகலாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சங்கக் கொடி இருக்கிற பக்கம் பார்த்து நின்றார்கள்.

"பேரன்பிற்குரிய சபையோரே," என்றார் சிவசுப்பிரமணியம். "கணவர் கேதீஸ்வரன் அவர்கள் ஒரு வேண்டுகோளை முன்வைத்திருக்கிறார். அமரர் உதயகலா உயிரோடு இருந்து உரையாடும் காணொளி ஒன்றை, நேரலைக்கு இடையூறாக, மகளுக்கு அனுப்பவேண்டுமாம். எமது சங்கம் மரித்தோருக்கானது. யாப்பின் முதல் வாசகமே அதுதான். அமரர் நேற்றுக் காலை தொடக்கம் எமது பூரண பராமரிப்பில் இருக்கிறார். அவர் உயிரோடு இருந்த காலத்து விடயங்களில் நாம் தலையிடுவதில்லை. ஒரு வருடமாக அவர் பாயில் கிடந்தார். ஒருநாளும் நாம் தலையிட்டதில்லை என்பதை இங்கே பெருமையோடு கூற விரும்புகிறேன்."

சபையில் ஓமோம் என்று தலைகள் ஆடின. கேதீஸ்வரனும் பழக்கத்தில் ஆட்டிவிட்டார்.

"எனினும்," என்று தலைவர் தொடர்ந்தார், "பெட்டி இழுத்தால் எமது பதிவும் இழுக்கும். ஆகவே சங்கத்தின் நலன் கருதிக் கோளாறைக் கண்டுபிடிக்குமாறு உபகுழுவைப் பணிக்கிறேன்."

கஜீபன் எழும்பி நின்று பொறுப்பை ஏற்றான். முதல்வேலையாக றவுட்டரை ஒருக்கால் நிற்பாட்டிப் போடவேண்டும் என்றான். நிற்பாட்டினால் நேரலை அறும். நேரலை அறுவதற்குக் கிளைகளின் சம்மதம் வேண்டும். பந்தலில் கட்டித் தொங்கிய பெரிய திரையில் லண்டன் கிளைத் தலைவர் இராசநாயகம் தெரிந்தார். அங்கே இன்னும் சரியாக விடியவில்லை. கோட்டும் கழுத்துப்பட்டியுமாக இருந்தார்.

"போன செத்தவீட்டிலை லண்டனுக்குத்தான் முதலிலை அறுந்தது," என்றார் இராசநாயகம். "இந்தமுறை கனடாவுக்கு முதல் அறுக்கட்டும். நாங்கள் பிறகு யோசிக்கிறம்."

கனடாக் கிளை அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. கனடா சம்மதிக்கவில்லை. றவுட்டர் நிற்பாட்டப்படவில்லை.

அடுத்தது வயர். பழைய வயர் பழுதாக இருக்கலாம் என்று கஜீபன் சொல்ல, சுவிஸ் கிளை புது வயரை அன்பளிப்புச் செய்தது. ஒருவர் சண்டிலிப்பாய்ச் சந்திக்கு மோட்டார்சைக்கிளில் போய் வாங்கிவந்தார். அன்பளிப்பு என்றால் கையளிக்கவேண்டும். தலைவர் வயரைக் கஜீபனிடம் கையளித்தார், கஜீபன் குனிந்து வாங்கினான். அந்தநேரம் பேச்சாளர் கமரா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததால் வயரைத் திருப்பிக் கொடுத்து இன்னொருக்கால் வாங்கினான். புது வயரிலும் பெட்டி ஊர்ந்தது.

குருக்களையா கிரியைக்கான சாமான்களைப் பரப்பி வைத்துவிட்டுக் கேதீஸ்வரனைப் பார்த்தார். "நேரம் போகுது. இந்த வெயிலுக்கை அம்மாவை எவ்வளவு நேரம் வைச்சிருக்கிறது?"

கேதீஸ்வரன் தலைவரைப் பார்த்தார். தலைவர் உபகுழுவைப் பார்த்தார். உபகுழு, பெட்டி அறைக்குள் இருப்பதால் சுவர் மறைக்கிறதோ என்று சந்தேகப்பட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து பந்தலில், பிரேதத்தின் தலைமாட்டு மேசையில், குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்தார்கள். நீல வெளிச்சம் மினுங்கிக்கொண்டிருந்தது. வல்வெட்டித்துறையில் இருந்து வந்திறங்கிய தூரத்துச் சொந்தக்காரர் சிலர் உதயகலாவுக்குப் பூப் போட்டுக் கும்பிட்டுவிட்டு, ஏதோ முறையாக்கும் என்று பெட்டிக்கும் பூப் போட்டுக் கும்பிட்டார்கள். அதற்கும் பெட்டி அசையவில்லை.

இவ்வளவும் முடிந்தபிறகுதான் கஜீபன் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தான்.

"சேர், பெட்டி நிரம்பி வழியுது. புதுசா எழுத இடமில்லாமல்தான் உப்பிடி இழுக்குது."

"என்னத்தாலை நிரம்பினது?"

"எங்கடை ஆக்களாலைதான்."

கேதீஸ்வரன் எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு போல்டரிலும் ஒரு பெயர். எல்லோரும் தெரிந்தவர்கள். எல்லோரும் செத்தவர்கள். அவர் வீட்டு அலுமாரித் தட்டில் ஊர்ச் சுடலை முழுவதும் நாலு கமராவில் படுத்திருந்தது. உதயகலா அதைத் தினமும் தூசி தட்டி வைத்தவள்.

இடம் வேண்டுமென்றால் யாரையாவது எடுக்கவேண்டும். யாரை எடுப்பது? பழைய செத்தவீடு ஒன்றை எடுப்போம் என்று ஒருவர் சொன்னார். அந்தப் பழையவரின் மருமகன் சுவிஸில் பொருளாளர். பிள்ளையில்லாத கிழவி ஒருத்தி இருக்கிறாளே என்றார் இன்னொருவர். அவளுடைய காணியைச் சங்கம் எழுதி வாங்கியிருந்ததால் அவளை எடுத்தால் பார்க்கிறவர்கள் ஒருமாதிரி நினைப்பார்கள் என்று தலைவர் தயங்கினார். எல்லாவற்றிலும் கூட இடம் பிடித்தவர் தலைவரின் தகப்பனார். அவருடைய செத்தவீடு பேச்சுகளோடு சேர்ந்து இரண்டு நாள் ஓடும். அந்தப் பக்கம் ஒருவரும் பார்க்கவே இல்லை.

"ஒரு மனிதரை இரண்டாந்தரம் சாகடிக்க எமக்கு உரிமை கிடையாது," என்றார் சிவசுப்பிரமணியம், குரல் தழுதழுக்க. "ஆகவே, மறைந்தவர் எவரையும் தொடாமல், சங்கத்துக்குச் சம்பந்தமில்லாதவை ஏதும் இருந்தால் மாத்திரம் அகற்றுமாறு பணிக்கிறேன்."

இதற்குமேல் பொறுக்க ஏலாது என்று குருக்களையா கிரியையைத் தொடங்கிவிட்டார். சுண்ணம் இடித்தார்கள். பாட்டுப் படித்தார்கள். கேதீஸ்வரன் குனிந்து உதயகலாவின் உதட்டடியில் வாய்க்கரிசி போட்டுக்கொண்டிருந்தார். அரிசி கழுத்தில் சிந்தியது. தையல் போட்ட அந்த இடத்தில் கிடந்த அரிசியை அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். கஜீபன் பின்னால் வந்து காதுக்குள் கேட்டான்.

"அண்ணை, 'வீடு' எண்டு ஒரு போல்டர் கிடக்கு. அது சங்கத்தின்ரையோ?"

"இல்லை," என்றார் கேதீஸ்வரன், திரும்பாமலே.

கொஞ்சநேரத்தில் ஒலிபெருக்கி செருமியது. கோளாறு கண்டுபிடிக்கப்பட்டு முற்றாக நிவர்த்தி செய்யப்பட்டது என்றும், பதிவு முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் கிளைகளுக்குப் போகிறது என்றும் தலைவர் அறிவித்தார். துக்கவீடு என்பதால் கைதட்டவேண்டாம், கையை உயர்த்திக் காட்டினால் போதும் என்றார். சபை கையை உயர்த்தியது. திரையில் இராசநாயகமும் உயர்த்தினார். "முகமெல்லாம் நல்ல துலக்கமாத் தெரியுது," என்றார். "இவ்வளவு காலத்திலை இப்பிடியொரு செத்தவீடு நாங்கள் பார்க்கேல்லை."

கேதீஸ்வரன் கையைக் கழுவிவிட்டு ஓட்டமும் நடையுமாகக் கஜீபனிடம் வந்தார்.

"பெரிய உபகாரம், தம்பி. அப்ப அந்த வெங்காய வீடியோவைப் பிள்ளைக்குப் போட்டுவிடுங்கோ."

"எந்த வெங்காயம்?"

"'வீடு' எண்டதுக்குள்ளை கிடக்கு."

கஜீபன் திரையைப் பார்த்தான். பிறகு கேதீஸ்வரனின் முகத்தைப் பார்க்காமல் சால்வையைப் பார்த்தான். "அதைத்தானே அண்ணை எடுத்தனாங்கள். உங்களிட்டைக் கேட்டனான் எல்லோ."

"குப்பைக்கூடைக்குள்ளை கிடக்குமாமே. பிள்ளை சொல்லுறவள்."

"அதையும் காலி செய்தாச்சு. இல்லாட்டி இடம் வராது."

"ரெண்டு டிஸ்க் இருக்கு, தம்பி. மற்றதிலை பாருங்கோ."

"ஒண்டைப் பாத்து ஒண்டு எழுதிறது, அண்ணை. ஒண்டிலை இருந்து அழிச்சால் மற்றதிலையும் அந்தக் கணமே போயிடும்." அவன் பெட்டியை மெல்லத் தட்டினான். "நல்ல சாமான். பிழையே விடாது."

கேதீஸ்வரனுக்கு அவனைத் தூக்கி அடிக்கவேண்டும் போல இருந்தது. காற்றாடியை, லப்டொப்பை, பூவும் சந்தனமுமாக இருந்த அந்தப் பெட்டியை, எல்லாவற்றையும் கிணற்றுக்குள் போடவேண்டும் போல இருந்தது. ஆரையும் அடித்துப் பழகாத கை சால்வையின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றது. போன் அடித்தது.

"அப்பா, ஏதோ பெரிய பைல் ஒண்டு வந்திருக்கு. டக்கெண்டு வந்திட்டுது. திறந்தனான். அம்மா படுத்திருக்கிறா." நிவேதனா மூச்சை இழுத்தாள். "வெங்காயம் எங்கை?"

"இல்லைப் பிள்ளை."

"இல்லை எண்டால்?"

"அழிச்சுப்போட்டினம். நான்தான் சங்கத்தின்ரை இல்லை எண்டு சொன்னனான். எனக்கு விளங்கேல்லை, பிள்ளை."

பறைமேளம் வாசற் படலையடியில் தொடங்கியிருந்தது. மகள் அதற்கு மேலால் குரலை உயர்த்திக் கேட்டாள்.

"அம்மா என்ன சொன்னவா எண்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?"

"இருக்கு. எனக்குத்தானே விழுந்த பேச்சு."

"அப்ப சொல்லுங்கோ."

கேதீஸ்வரன் பந்தற்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தொடங்கினார். இரண்டு வசனம் போகவில்லை, கஜீபன் காதுக்கருவியைக் கையால் அழுத்தியபடி சைகை காட்டினான்.

"அண்ணை, கொஞ்சம் சத்தமாக் கதையுங்கோ. மைக்கிலை வருகுது, கனடாவுக்கு விளங்குதில்லையாம்."

கேதீஸ்வரன் சால்வையில் இருந்த மைக்கைக் குனிந்து பார்த்தார். கழற்றவில்லை. நிமிர்ந்து, ஊரில் ஒருவரும் அவரிடம் கேட்டிராத குரலில், மனிசி சொன்னதைச் சொன்னார்.

"இஞ்சாருங்கோ. உங்கடை வாய்க்குள்ளை என்ன கொழுக்கட்டையோ? ஏலாது எண்டு ஒரு சொல்லு வராதோ? உயிரோடை இருக்கேக்கை உந்த மனிசர் ஆரும் வந்து எட்டிப் பாத்ததோ? செத்தால் மட்டும் கமராவும் தூக்கிக்கொண்டு வருவினம். இப்ப சொல்லிப்போட்டன், நான் செத்தால் ஒருத்தரையும் பேச விடாதேங்கோ. மத்தியானத்துக்கு முன்னம் தூக்கிக்கொண்டு போங்கோ. என்னை வெயிலுக்கை கிடத்தி வைச்சுக் கூட்டம் நடத்த வேண்டாம். போங்கோ, போய் உந்தத் தலைவரையே கூட்டிக்கொண்டு வாங்கோ, இந்த வெங்காயத்தை அவர் இருந்து உரிக்கட்டும்."

நாலு கமராவும் அவர் பக்கம் திரும்பியிருந்தன. மத்தியானம் எப்போதோ கடந்திருந்தது. தலைமாட்டில் விசிறிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரிப்பு அப்படியே அழுகையாகிப்போனது.

சிவசுப்பிரமணியம் தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கை எடுத்தார். "துயரத்தின் உச்சத்தில் குடும்பத்தார் சொல்லும் வார்த்தைகளைச் சங்கம் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொள்ளும். பதிவில் ஏற்காது." பிறகு மைக்கைப் பொத்திக்கொண்டு, "தம்பி கஜீபன், அந்த இடத்தை வெட்டிவிடும்."

"வெட்டியாச்சு, சேர்," என்றான் கஜீபன்.

அதற்கு நேரமே எடுக்கவில்லை.

சங்கம் தோள் கொடுத்தது. அந்த விசயத்தில் குறை சொல்ல ஏலாது, நல்ல பலமான தோள்கள். ஆண்பிள்ளை இல்லாததால், மகன் முறையான பெறாமகன் ஒருத்தன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். பெண்கள் படலையோடு நின்றுகொண்டார்கள். அதற்கு அங்கால் அவர்கள் போவதில்லை. நிவேதனா ஒருத்திதான் தகப்பனின் கைக்குள் இருந்தபடி படலையைத் தாண்டினாள்.

"அப்பா, அம்மா அவ்வளவு ஆறுதலாச் சொல்லேல்லை. மூச்சு விடாமல் சொன்னவா."

"ஓம் பிள்ளை. எனக்கு அப்பிடி வராது."

"பரவாயில்லை. இன்னொருக்காச் சொல்லுங்கோ."

மைக்கைக் கஜீபன் கழற்றிக்கொண்டு போயிருந்தான். பாடை சுடலை ஒழுங்கைக்குத் திரும்பியது. கேதீஸ்வரன் பின்னால் நடந்துகொண்டே, "இஞ்சாருங்கோ," என்று முதலில் இருந்து தொடங்கினார்.